மணல் உள்ளே வரக்கூடாது

குளிர் விற்கிறவன் நான்.
ராஸ் அல் கைமாவில் பதினொரு கோடை
ஏணியும் கேஸ் சிலிண்டருமாய் ஏறி இறங்கி
எத்தனையோ வீடுகளின் ஜன்னலைச் சாத்தி வைத்தவன்.
மணல் உள்ளே வரக்கூடாது,
வெக்கை உள்ளே வரக்கூடாது,
அதற்குத்தான் சம்பளம்.

மகள் நறுமுகைக்கு ஏழு வயது.
மே முதல் அக்டோபர் வரை
அவளுக்கு வானிலை என்பது
ரிமோட்டில் இருபத்துமூன்று.

நவம்பரில் ஒரு ஞாயிறு காலை
ஏசியை நிறுத்தினேன்.
வீட்டில் திடீரென்று ஒரு பெரிய அமைதி.
"கரண்ட் போயிருச்சாப்பா?"
இல்லம்மா, காத்து வந்திருக்கு. கீழே போய் விளையாடு.
"கீழேன்னா?"
கீழேதான்.
"கீழே என்ன இருக்கு?"
யோசித்தேன்.
கட்டடத்துக்குப் பின்னால் காலி மனை,
டயர் இறங்கிய ஒரு பிக்கப்,
அப்புறம்... தெரியவில்லை.
பதினொரு வருஷமாக அதைக் குறுக்கே கடந்துதான்
வேனுக்குப் போகிறேன்.

மணல் விளிம்பில் செருப்போடு நின்றாள்,
நீச்சல் தெரியாதவள் குளத்தருகே நிற்பதுபோல்.
"எத்தனை பாயின்ட் எடுக்கணும்?"
ஒண்ணும் எடுக்க வேண்டாம்.
"எப்ப முடியும்?"
பசிக்கும்போது.
நம்பாமல் பார்த்தாள்.
உண்மையைச் சொன்னால், நானும் அவ்வளவாக நம்பவில்லை.

மூன்றாம் மாடி எகிப்துக்காரச் சிறுமி யாரா
வெறுங்காலோடு தானாக இறங்கி வந்தாள்.
பெயர் கேட்கவில்லை, சிரிக்கக்கூட இல்லை;
குனிந்து மணலில் எதையோ சுட்டினாள்.
தையல் மிஷின் ஓடிய மாதிரி
இரண்டு வரிசைப் புள்ளிகள்.
அவ்வளவுதான்.
இரண்டு தலைகளும் ஒட்டிக்கொண்டு நகர்ந்தன
பிக்கப்பைச் சுற்றி,
உடைந்த டைல்ஸ் குவியலில் தடத்தைத் தொலைத்து,
மறுபக்கம் கத்திக்கொண்டே கண்டுபிடித்து,
கடைசியில் ஒரு கறுப்பு வண்டு.
பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு
எங்கள் சூப்பர்வைசர் நடையில்
எங்கோ அவசரமாகப் போய்க்கொண்டிருந்தது.
நறுமுகையின் செருப்பு
வழியில் எங்கோ கழன்று கிடந்ததை
அப்புறம்தான் கவனித்தேன்.

சுவரோரத்திலிருந்து கூப்பிட்டார்கள்.
ஏசி வடிகுழாய்க்கு நேர் கீழே
தாம்பாள அளவில் புல்.
ஒரு எறும்புச் சாரி.
எந்த அடுக்களையிலிருந்து விழுந்த விதையோ,
ஒரு தக்காளிச் செடி,
கம்மல் அளவுக்கு மஞ்சள் பூ.
அண்ணாந்து விரலால் மாடிகளை எண்ணினாள்.
"அப்பா, இது நம்ம வீட்டுத் தண்ணி!"

நான் மாட்டிய குழாய்தான்.
அதன் மேல்முனை எனக்கு மனப்பாடம்.
கீழ்முனையில் ஒரு காடு இருப்பதை
அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு சிட்டுக்குருவி வந்து
சொட்டாத குழாயைத் தலைசாய்த்துப் பார்த்தது.
"நீதான் நிறுத்திட்டே"
என்றாள் என்னிடம்.
நான்கு மாடி ஏறி ஓடி
பள்ளிக்கூட பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தாள்.
மறுநாளும்.
அதற்கு மறுநாளும்.
வெளியே போ என்று அப்புறம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
வெளியே அவளுக்கு வேலை இருந்தது.

இப்போதெல்லாம் சர்வீஸுக்குப் போகிற வீடுகளில்
சோபாவோடு சோபாவாய்க் கிடக்கும் பிள்ளைகளைக் கண்டால்
ஃபில்டரைக் கழற்றியபடி சொல்கிறேன்:
கழுவிக் காய ஒரு மணி நேரமாகும் மேடம்,
தூசி பறக்கும்,
அதுவரைக்கும் பசங்க கீழே இருக்கட்டும்.

பத்து நிமிஷ வேலை அது.
பொய்தான்.

ராத்திரி மெத்தை முழுக்க மணல்.
தமயந்தி விரிப்பை உதறி உதறித் திட்டுகிறாள்,
ஊருக்கெல்லாம் மணலைத் தடுக்கிற மனுஷன்
வீட்டுக்குள்ளே மூட்டை கட்டிக் கொண்டுவருகிறாராம்.
நான் வாய் திறக்கவில்லை.
தூக்கத்தில் நறுமுகை காலை உதைக்கிறாள்,
விரலிடுக்கிலிருந்து
இன்னும் கொஞ்சம் கொட்டுகிறது.